பசுமை வீடு: வரைபடம் போடுமுன் யார் யார் கூடிப் பேச வேண்டும்?

கேள்வி: திருச்சியை அடுத்த ஓர் ஊராட்சியில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற 40-க்கு 60 அடி மனை வாங்கியிருக்கிறோம். மேற்குப் பார்த்த மனை, கரிசல் மண். கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். கீழும் மேலுமாக 2,000 சதுர அடியில், முடிந்தவரை சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வீடாகக் கட்ட ஆசைப்படுகிறோம். மண் கல் சுவர், சோலார், மழைநீர்ச் சேமிப்பு, வாசலில் நிழல் மரங்கள் ஆகியவை வேண்டும் என்று எங்கள் பொறியாளரிடம் சொன்னோம். ‘முதலில் பிளான் அப்ரூவல் வாங்கிவிடுவோம், மற்றதையெல்லாம் கட்டும்போது சேர்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். ஆவணியில் பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாமனார் வாஸ்து பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். சம்பந்தப்பட்ட எல்லாரையும் முன்கூட்டியே ஒன்றாக உட்காரவைத்துப் பேசிய பிறகே வரைபடம் போட வேண்டும் என்று படித்தேன். ஒரு சிறிய வீட்டுக்கு அது தேவையா? யாரை அழைப்பது, என்ன பேசுவது, அதற்கெனத் தனியாகச் செலவு செய்யலாமா? பசுமைச் சான்றிதழ் அவசியமா?
— பள்ளி ஆசிரியை ஒருவர், திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அத்தகைய கூட்டம் தேவை. அதுவும் அப்ரூவலுக்கான வரைபடம் உருவாவதற்கு முன்பே தேவை. உங்கள் பொறியாளர் சொல்லும் வரிசை நம் ஊரில் பரவலாகப் பின்பற்றப்படுவதுதான். அவர் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று நான் கருதவில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் நான்கில் எதையுமே கட்டும்போது சேர்த்துக்கொள்ள முடியாது. அதற்கும் மேலாக, கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ‘கரிசல் மண்’ என்னும் செய்தி, அந்த நான்கில் மூன்றை அடியோடு மாற்றிவிடக்கூடியது. கூட்டத்தில் யார் இருக்க வேண்டும் என்பதையும் அந்த மண்ணே பெருமளவு தீர்மானிப்பதால், அங்கிருந்து தொடங்குகிறேன்.

கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இந்த அசைவு மேலடுக்கில்தான் மிகுதி. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஈரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் அங்கே மண் அவ்வளவாக அசைவதில்லை. ஆகையால் இம்மண்ணில் வழக்கமான ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால், ஓரிரு மழைக்காலங்களுக்குள் சுவர்களில் சாய்வான விரிசல்கள் தோன்றுவது அரிதன்று. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலங்களுக்கென்று வளர்த்தெடுத்த முறைதான் அண்டர் ரீம்டு பைல் என்பது: அசையாத அடுக்கு வரை துளையிட்டு, துளையின் அடியைத் தண்டின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகக் குடைந்து விரித்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பி, பைல்களின் தலைகளைக் கிரேடு பீம்கள் எனப்படும் கான்கிரீட் உத்தரங்களால் இணைத்து, அவற்றின்மேல் சுவரை எழுப்புவார்கள். உங்கள் மனையில் கரிசல் இரண்டு மூன்று அடி ஆழமே இருந்து அதன் கீழ் சுக்கான் பாறை வந்துவிட்டால் இவ்வளவு தேவைப்படாமலும் போகலாம். எது என்பதை மண் பரிசோதனை மட்டுமே சொல்லும். அந்தப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

இனி உங்கள் விருப்பங்களை இந்த மண்ணின்மேல் வைத்துப் பாருங்கள். மண் கல் சுவர் முதலாவது. தோண்டிய மண்ணையே சலித்து, ஏறக்குறைய 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் பதப்படுத்திப் பயன்படுத்தும் முறையை ஆரோவில் புவி நிறுவனம் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறது, அது நல்ல முறை. ஆனால் சிமெண்டுக்கு ஒத்துவருவது மணல் பங்கு மிகுந்த செம்மண் வகைகள்தாம். உப்பிச் சுருங்கும் களி மிகுந்த கரிசலுக்குச் சிமெண்ட் சரிவராது, சுண்ணாம்பு கலந்து முயலலாம் என்றாலும் அதற்குத் தேர்ந்த கைகளும் நீண்ட காலமும் வேண்டும். வெளியூரிலிருந்து செம்மண்ணோ மண் கல்லோ லாரியில் வரவழைத்தால், மனை மண்ணையே பயன்படுத்துவதால் கிடைக்கும் ஆதாயம் வழிச் செலவிலேயே கரைந்துவிடும். எனவே மண் பரிசோதனையில் வேறு விடை வந்தாலன்றி, மண் கல்லை விட்டுவிடுங்கள். அனல் மின்நிலையச் சாம்பலில் செய்யப்படும் ஃபிளை ஆஷ் கல் எளிதாகக் கிடைக்கிறது. அல்லது நல்ல சேம்பர் செங்கலை ‘ராட் டிராப்’ எனப்படும் எலிப்பொறிக் கட்டில் வைத்து எழுப்பலாம். கேரளத்தில் லாரி பேக்கர் பெரிதும் பரப்பிய இந்த முறையில் கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால், ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது.

இரண்டாவது, மழைநீர். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், வீட்டை ஒட்டி ஓர் உறைக்குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, மாடியிலிருந்து வரும் குழாயை அதில் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. செம்மண் பூமியில் அதில் குறையொன்றும் இல்லை. கரிசலிலோ நீர் உள்ளே இறங்குவதே மெதுவாகத்தான் நடக்கும், இறங்கும் நீரும் அஸ்திவாரத்தின் அருகே மண்ணை உப்பவைக்கும். நல்ல எண்ணத்துடன் தோண்டிய குழியே வீட்டை விரிசல் விடச் செய்யும் நிலை அது. உங்கள் மனையில் மாடி மழைநீரைப் பூமியில் விடுவதற்கு முன் தொட்டியில் சேமிக்க வேண்டும், வழியும் நீரை மட்டும் மனையின் தொலைவான மூலையில், கரிசலைத் தாண்டிக் கீழிறங்கும் துளைக்குழிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது, வாசலில் நிழல் மரம். மேற்கு வெயிலுக்கு மரத்தைவிட நல்ல தடுப்பு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் கரிசலில் பெரிய மரத்தின் வேர்கள் கோடைக்காலத்தில் அஸ்திவாரத்தை ஒட்டிய ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருங்கவைக்கும் என்பதால், மரம் எவ்வளவு உயரம் வளருமோ ஏறக்குறைய அவ்வளவு தொலைவாவது சுவரிலிருந்து தள்ளி நட வேண்டும் என்பதே பொதுவான எச்சரிக்கை. 60 அடி நீள மனையின் முன்வெளியில் வேம்புக்கோ புங்கனுக்கோ அந்த இடம் கிடையாது. சாலையோரத்தில் ஊராட்சியின் இசைவோடு நடலாம். வீட்டை ஒட்டிக் கொடிப்பந்தல், குறுஞ்செடிகள் என்று நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு முரணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனையில் தளம் போடாமல் மண்ணைத் திறந்தே விடுங்கள் என்று பசுமைக் கட்டட வழிகாட்டிகள் அறிவுறுத்துகின்றன. கரிசல் நிலத்திலோ சுவரைச் சுற்றி நான்கைந்து அடிக்கு வெளிப்புறம் சரிந்த, நீர் புகாத சுற்றுத்தளம் போட்டே தீர வேண்டும். அதற்கு அப்பால் உள்ள நிலத்தை நீங்கள் விரும்பியபடி திறந்துவிடலாம்.

இவற்றுள் எந்த ஒன்றையும் ஒரே ஆளால் முடிவு செய்ய இயலாது என்பதைக் கவனியுங்கள். மழைநீர்க் குழி எங்கே என்பதைப் பிளம்பர் மட்டும் தீர்மானித்தால் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் அஸ்திவாரக் கணக்கு கெடும். மரம் எங்கே என்பதைத் தோட்டக்காரர் மட்டும் தீர்மானித்தாலும் அப்படியே. நம் ஊரில் இவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதே தளத்தில்தான், அதுவும் ஒருவர் செய்த வேலையை மற்றவர் உடைக்கும் வேளையில்.

கூட்டத்துக்கு முன் நீங்கள் திரட்டிவைக்க வேண்டியவை சில உண்டு. மண் பரிசோதனை அறிக்கை முதன்மையானது. அடுத்து, நில அளவையாளரைக் கொண்டு மனையின் நான்கு மூலைகளின் மட்டம், சாலையின் மட்டம், சாக்கடை இருந்தால் அதன் மட்டம் ஆகியவற்றைக் குறித்த வரைபடம். பக்கத்து மனைகளில் உள்ள கிணறு, போர், கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பம், பெரிய மரங்கள் ஆகியவை எங்கெங்கே உள்ளன என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி இருப்பது நல்லது, அந்தத் தொலைவை உங்கள் மனைக்குள் மட்டும் பார்த்தால் போதாது. இப்போது குடியிருக்கும் வீட்டின் ஓராண்டு மின்கட்டண விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் உங்கள் மாமனாரும் மாமியாரும். நீங்களும் பிள்ளைகளும் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருவீர்கள். எந்த அறைக்கு எப்போது குளிர்ச்சி வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியவரும்.

யாரை அழைப்பது? வரைபடம் போடும் பொறியாளர் அல்லது கட்டடக்கலைஞர், ஸ்ட்ரக்சுரல் பொறியாளர், வேலையை நடத்தப்போகும் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், உங்கள் மாமனார் நம்பும் வாஸ்து நிபுணர், வீட்டுப் பெரியவர்கள் அனைவரும். சோலார் பொருத்துபவர் ஒரு மணி நேரம் வந்தால் போதும். கட்டடக்கலைஞர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி கட்டடக்கலைக் கழகத்தில் பதிவு செய்தவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் ‘வந்து பேசிவிட்டுப் போங்கள்’ என்று அழைக்காதீர்கள். ஒரு நாள் கூலியை முன்னதாகவே கொடுத்து அழையுங்கள். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் வருபவர் வாயைத் திறக்க மாட்டார், கூலி வாங்கியவர் தம் அனுபவத்தைச் சொல்வார். பொறியாளருக்கும் வடிவமைப்புக் கட்டணத்தைத் தனியாகப் பேசிக் கொடுங்கள். ‘பிளான் ஃப்ரீ, கட்டுமான வேலையை எங்களிடம் கொடுத்தால் போதும்’ என்னும் ஏற்பாட்டில் அந்த இலவசத்தின் விலை சதுர அடிக் கணக்கில் எங்கோ ஒளிந்திருக்கும் என்பது ஒருபுறம். வரைபடத்துக்காக அவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்த இலவசத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும் என்பது இன்னொருபுறம்.

கூட்டத்தை மனையிலேயே காலையில் தொடங்கி, வெயில் ஏறியதும் யாராவது ஒருவர் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் யாரும் அறைகளை வரையக் கூடாது. வெயில், காற்று, மண், நீர், வீட்டாரின் பழக்கம் ஆகியவை மட்டுமே பேசப்பட வேண்டும். அதிலிருந்து ஒரு முன்மாதிரி வரைபடம் உருவான பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆட்கள் மறுபடி உட்கார வேண்டும். ஒரு தனி வீட்டுக்கு இந்த இரண்டு அமர்வுகள் போதும்.

வெயிலும் காற்றும்தான் உங்கள் மனையின் அடுத்த பெரிய சிக்கல். திருச்சி ஏறக்குறைய 10.8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களும் அது வடக்கே சாய்ந்திருக்கும். ‘வடக்குச் சுவரில் வெயிலே படாது’ என்று பலர் சொல்வது நம் பகுதிக்குப் பொருந்தாது. வைகாசி, ஆனி மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் சிறிய சன்ஷேடு வேண்டும். தெற்கில் இரண்டடிச் சன்ஷேடு வெப்ப மாதங்களுக்குத் தாராளமாகப் போதும், மார்கழியில் மட்டும் 56 டிகிரி உயரத்தில் நிற்கும் நண்பகல் வெயில் சற்று உள்ளே வரும், அது யாருக்கும் தொந்தரவில்லை. தொல்லை தருவது மேற்குதான். பிற்பகல் சூரியன் தாழ்ந்து நேராகச் சுவரைத் தாக்குவதால் அங்கே சன்ஷேடு பயன்படாது. நல்ல வேளையாக உங்கள் மனை கிழக்கு மேற்காக நீண்டது. வீட்டின் குறுகிய பக்கம் மட்டுமே மேற்கைப் பார்க்கும்.

ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வீசும் பாதையில் திருச்சி இருப்பதால், ஆடிக் காற்றும் உங்களுக்கு மேற்கிலிருந்துதான் வரும். வெப்பத்தை அடைக்க மேற்கை மூடினால் காற்றும் நின்றுவிடும். இதை வாஸ்து மேலும் இறுக்குகிறது: பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வர வேண்டும் என்பார்கள். பிற்பகல் முழுவதும் சூடேறிய சுவர் இரவில் அந்த வெப்பத்தை உள்ளே விடுவதால், வீட்டிலேயே மிகவும் புழுக்கமான அறை அதுவாகத்தான் இருக்கும், ஏசியும் அங்கேதான் முதலில் வரும். இதைச் சொல்லி வாஸ்துவை ஒதுக்குங்கள் என்று நான் கூற மாட்டேன். கடைசி நேரத்தில் வாஸ்து பார்த்துச் சமையலறையை இடம் மாற்றுவதைவிட, முதல் நாளே வாஸ்து நிபுணரைக் கூட்டத்தில் உட்காரவைப்பது எல்லாருக்கும் நல்லது. அவர் எதில் விட்டுக்கொடுப்பார், எதில் கொடுக்க மாட்டார் என்பது அப்போதே தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, படுக்கையறை தென்மேற்குப் பகுதியிலேயே இருக்கட்டும்; அதன் மேற்குச் சுவர் முழுவதும் அலமாரி, ஜன்னல் தெற்கில். மாடிப்படியை மேற்கில் வைக்கப் பெரும்பாலான வாஸ்து நிபுணர்கள் மறுப்பதில்லை. அப்படி வைத்தால் படிக்கட்டே வெயிலைத் தாங்கும் கேடயமாகிவிடும். வாசல் திண்ணையின் முன் ஜாலிச் சுவர், அதாவது இடையிடையே துளை விட்ட சுவர், எழுப்பினால் வெயில் உடைந்து காற்று மட்டும் ஹாலுக்குள் வரும், ஹாலில் சூடேறும் காற்று படிக்கட்டு வழியே மேலேறி, மொட்டைமாடியில் படிக்கட்டு முடியும் அறையான ஹெட்ரூமின் ஜன்னலில் வெளியேறும்.

ஜன்னல்களைப் பற்றி ஒரு கணக்கு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. இப்போது எல்லாரும் போடும் இரட்டைக் கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால், ஐந்துக்கு நான்கடி ஜன்னல் ஒன்று போட்டுவிட்டு 20 என்று கணக்குக் காட்ட முடியாது, அது பத்துதான். கீல் வைத்த பழைய பாணிக் கதவு ஏறக்குறைய முழுவதும் திறக்கும். கொசுவலை எங்கே வரும் என்பதையும் அப்போதே பேசுங்கள், வலை இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்கு எல்லா ஜன்னலும் மூடப்பட்டுவிடும். அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கானது, உங்கள் மனை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கூரைதான் எல்லாத் தொழில்களும் ஒன்றையொன்று மோதும் இடம். மேல்தளக் கூரையை ஃபில்லர் ஸ்லாபாகப் போட்டால், கான்கிரீட்டுக்கு வேலை இல்லாத கீழ்ப்பகுதியில் மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தலாம். ஆனால் ஓடுகளுக்கு இடையே கம்பி ஓடும் பட்டைகளில்தான் ஃபேன் பாக்ஸும் எலக்ட்ரிகல் பைப்பும் வர முடியும். எலக்ட்ரீஷியன் சென்டரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடைப்பு) மேல் ஏறிய அன்று தம் மனம்போன இடத்தில் பைப் விட முடியாது. எலிப்பொறிக் கட்டுச் சுவரிலும் இதே நிலைதான்: சுவர் எழும்பிய பிறகு வெட்டிப் பைப் பதித்தால் குத்துக்கல் உடையும், சுவிட்ச் போர்டு எங்கெங்கே என்பது முதல் வரிசைக் கல் வைக்குமுன் தெரிந்திருந்தால், நடுவிலுள்ள வெற்றிடத்திலேயே பைப்பை இறக்கிவிடலாம். உங்கள் மேஸ்திரி இவற்றை இதுவரை செய்ததில்லை என்றால் அதற்காக அவரை மாற்ற வேண்டாம். காம்பவுண்டு சுவரின் ஒரு பகுதியை முதலில் அந்தக் கட்டில் எழுப்பச் சொல்லுங்கள், கை பழகிவிடும்.

சோலாருக்கு வருவோம். ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல்படாத இடம் வேண்டும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். உங்கள் மின்கட்டண விவரத்தோடு இதை ஒப்பிட்டு அளவைத் தீர்மானியுங்கள். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இடம்தான் கவனிக்க வேண்டியது. ஹெட்ரூமும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும் மேற்கிலோ தென்மேற்கிலோ வருவதால், பிற்பகலில் அவற்றின் நிழல் கிழக்கு நோக்கி நீளும்; எனவே தகடுகள் மொட்டைமாடியின் கிழக்கு ஓரத்தில், 15-க்கு 20 அடி இடத்தில் அமைவது பொருத்தம். அந்த இடத்தில் தாங்கிகளுக்கான கான்கிரீட் பீடங்களைத் தளத்தோடு சேர்த்தே வார்த்துவிட வேண்டும், வெதரிங் கோர்ஸ் எனப்படும் மாடியின் மேல்பூச்சு அடுக்கு முடிந்த பிறகு துளை போட்டால் ஒழுகல் நிச்சயம். கீழே மீட்டர் வரை ஒரு தனிப் பைப்பும் சுவரிலேயே விட்டுவிடுங்கள். தகடு இல்லாத பரப்பில் வெள்ளைக் குளிர் ஓடு பதியுங்கள்.

நீரைப் பொறுத்தவரை, 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் என்று கொண்டு, வீணாவதைக் கழித்தால் 60,000 லிட்டர் அளவுக்குத் திரட்டலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் வழக்கமான அளவில் உங்கள் ஆறு பேருக்கு 810 லிட்டர் தேவை, ஆக ஏறக்குறைய 75 நாள் தேவையை மாடியே தருகிறது. இதற்கு மாடியின் வாட்டம் இரண்டு குழாய்களை நோக்கி மட்டும் அமைய வேண்டும். ஆறேழு திசைகளில் ஓட்டை விட்டுவிட்டுப் பிறகு திரட்ட முடியாது. தொட்டி ஈசானிய மூலையில் வரலாம், ஆனால் கரிசலின் அழுத்தத்தைத் தாங்கும்படி ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் வடிவமைத்த கான்கிரீட் தொட்டியாக இருக்க வேண்டும். செங்கல் தொட்டி விரிசல் விட்டுக் கசிந்தால் அஸ்திவாரத்தை நனைக்கும். குளியல் நீரை வடிகட்டிக் கழிவறைக்குத் திருப்ப விரும்பினால் இரண்டாவது குழாய் வரிசையை இப்போதே போட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். மேல்தளக் குளியலறை கீழ்த்தளக் குளியலறைக்கு நேர் மேலே வருவது குழாய்ச் செலவையும் கசிவையும் ஒருங்கே குறைக்கும்.

சமையலறையைப் பற்றி உங்களிடமும் உங்கள் மாமியாரிடமும் கேட்காமல் யாரும் ஒரு கோடும் போடக் கூடாது. இதை எழுத வேண்டியிருப்பதே வெட்கம்தான், ஆயினும் ஆண்கள் மட்டுமே அமர்ந்து அடுப்பு மேடையின் உயரத்தை முடிவு செய்யும் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன.

கூட்டத்தில் முடிவானதை அன்றே இரண்டு பக்கத்தில் எழுதி, யார் எந்த வேலைக்குப் பொறுப்பு, எந்தக் கட்டத்துக்கு முன் அது முடிய வேண்டும் என்று குறித்து, வந்தவர் அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். வெறும் சதுர அடி ரேட்டில் ஒப்பந்தம் போட்டால், எழுதாத ஒவ்வொன்றும் கூடுதல் செலவாக வந்து நிற்கும். பொருள் வாரியாக அளவும் தரமும் குறித்த ஒப்பந்தத்தில் ஃபில்லர் ஸ்லாப் மிச்சப்படுத்தும் சிமெண்டு உங்கள் கணக்கில் மிச்சமாகும். மண் பரிசோதனை, அளவை, வடிவமைப்புக் கட்டணம், கூட்டக் கூலி எல்லாம் சேர்ந்து கட்டுமானச் செலவில் சிறு பங்கே ஆகும், தயங்காமல் செய்யுங்கள். கிரானைட்டிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ குறைத்துக்கொள்ளலாம்.

அப்ரூவலைப் பொறுத்தமட்டில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை (விதிகளுக்கு உட்பட்டது என்று விண்ணப்பதாரரே சான்றளித்து அனுமதி பெறுவது) உள்ளது. உங்கள் வீடு அதற்குள் அடங்குகிறது. அனுமதி விரைவாகக் கிடைப்பது நல்லதே, ஆனால் அவசரமாகப் போட்ட வரைபடமும் அதே வேகத்தில் உறுதியாகிவிடும். அனுமதிக்கு நாள் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லாதபோது, அந்த நாள்களை மேசையில் செலவிடலாமே.

ஆவணி முகூர்த்தத்தை மாற்ற வேண்டியதில்லை. பூஜை போட்டு ஈசானியத்தில் கல் நடுவதற்கு முழு வரைபடம் தேவையில்லை. தொட்டியின் இடமும் வடிவமும் மட்டும் அதற்குள் உறுதியாகிவிட்டால், பூஜைக்குப் பிறகு முதல் வேலையாக அதைக் கட்டி, தற்காலிகத் தகரக் கூரை ஒன்றிலிருந்து ஐப்பசி மழையை அதில் இறக்குங்கள்; கட்டுமானத்துக்கும் கியூரிங்குக்கும் வேண்டிய நீரில் ஒரு பகுதி கிடைக்கும். வீட்டின் அஸ்திவாரத்தை மழைக்காலம் முடிந்து தையில் தோண்டலாம், கரிசலில் அதுவே வசதியும்கூட.

சான்றிதழ் உங்களுக்கு அவசியமில்லை. 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய கட்டடங்களுக்கு ‘ஸ்வகிருஹா’ என்னும் தரமதிப்பீடும், இந்தியப் பசுமைக் கட்டடக் கழகத்தின் ‘கிரீன் ஹோம்ஸ்’ முறையும் உள்ளன. அவற்றின் மதிப்பெண் பட்டியலைப் படித்து, எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதபடி கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்காகக் கட்டுபவருக்கோ, கடன் தரும் வங்கி அதைக் கேட்டு வட்டியில் சலுகை தந்தாலோ சான்றிதழுக்குப் பொருள் உண்டு. அப்படி ஒரு சலுகை உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். இருந்தால், பதிவை வரைபட நிலையிலேயே செய்ய வேண்டியிருக்கும் என்பதால், முதல் அமர்வுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.